தண்டவாளக்கா பஸ் ஏறிய கதை

மின்விசிறிக் காற்றுக்குப் பக்கங்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. கம்பிச் சுருள் போட்டுக் கட்டிய புத்தகம். இன்னும் அச்சுக்குப் போகாதது. முழுக்கப் படம், நடுநடுவே கொஞ்சம் எழுத்து. அதை என் மடியில் வைத்துவிட்டு ஒரு தாளையும் நீட்டினாள் நஸீமா.

"நிதானமா வாசிங்கக்கா. புடிச்சிருந்தா இதுல கையெழுத்துப் போடுங்க. உங்க மொகமும் பேரும் வருதுல்ல, அதான் பதிப்பகத்துல கேக்குறாக."

"வாசிச்சுக்கிறேன், போ. செல்வி டீ போட்டு வச்சிருக்கா, குடி."

செல்வி என் மருமகள். ஒத்தக்கடையில் எங்கள் வீட்டு அடுப்படி, கூடத்துக்கு அந்தப் பக்கம். நஸீமா அங்கே போனாள்.

நஸீமா நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை. இப்போது அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. பிள்ளைகளுக்குப் படக்கதை போடுவதுதான் அவள் தொழில். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்து வாசிக்கிற கதைகள்.

தல்லாகுளத்தில் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றின் வாசலில் ஆயாவாக முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தவள் நான். அப்படிப்பட்டவளுக்கு வாசிப்பு எழுத்துக்கூட்டித்தான் வரும் என்று யாருக்கும் தோன்றாது. நானும் சொல்லிக்கொண்டது கிடையாது. வாராவாரம் பத்திரிகையில் வருகிற இந்தத் தொடரைக்கூட நான் சொல்லச் சொல்ல செல்விதான் எழுதுகிறாள். ஆனால் கையெழுத்து என்னுடையது. பேச்சியம்மாள், ஏழு எழுத்து. ஒரு நாளும் நான் கைநாட்டு வைத்ததில்லை.

தண்டவாளத் துண்டு

போன வாரம் பள்ளிக்கூடத்துக் கிணற்றைப் பற்றிச் சொல்லி முடித்தேன். மணியைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

எங்கள் பள்ளிக்கூடத்து மணி, மணியே இல்லை. முழங்கை நீளத்துக்கு ஒரு தண்டவாளத் துண்டு. புங்க மரத்துக் கிளையில் கம்பி போட்டுத் தொங்கவிட்டிருப்பார்கள். அடிப்பதற்கு லாரியில் கழற்றின பெரிய போல்ட்டு ஒன்று. சித்திரை வெயிலில் அந்தப் போல்ட்டைத் தொட்டால் கை பொரிந்துபோகும். முந்தானையைச் சுற்றிக்கொண்டுதான் பிடிப்பேன்.

ஓங்கி ஒரு அடி அடித்தால் 'டைங்ங்ங்ங்' என்று கிளம்பும். சத்தம் உடனே சாகாது. இழுத்துக்கொண்டே போகும். மரத்தில் கை வைத்தால் கைக்குள் அதிரும். நான் மூச்சுவிட்டு எண்ணியிருக்கிறேன், ஏழு மூச்சு.

அந்த ஏழு மூச்சுக்குள் யார் வந்தாலும் தாமதம் இல்லை. அது நான் வைத்த சட்டம். சத்தம் ஓயும்வரை கேட்டைச் சாத்த மாட்டேன்.

பெரிய டீச்சருக்கு இது பிடிக்காது. "பேச்சியம்மா, மணி அடிச்சாச்சுன்னா கேட்டைச் சாத்தணும்" என்பார்.

"அடிச்சு முடிஞ்சாத்தானே டீச்சர்? இன்னும் முடியலையே, காதைக் குடுத்துக் கேளுங்க."

டீச்சர் உண்மையாகவே காதைக் கொடுத்துக் கேட்பார். அதற்குள் நாலு பிள்ளைகள் உள்ளே வந்திருக்கும்.

அந்த நாலில் ஒன்று கட்டாயம் நஸீமாவாக இருக்கும். வீடு கோரிப்பாளையத்தில், தர்காவுக்குப் பின்னால். தூக்குவாளி தொடையில் இடிக்க இடிக்க ஓடி வருவாள். காலில் நீல வார் போட்ட ரப்பர் செருப்பு. ஒரு வார் அறுந்து, அதில் ஊக்குக் குத்தியிருப்பாள்.

"ஏத்தா, உங்க வீட்டுக் கடியாரம் என்ன கழுதை மேல ஏறியா வருது?"

"சத்தம் இன்னும் இருக்குக்கா! எனக்குக் கேக்குது!"

இந்த ஏழு மூச்சைத்தான் அவள் கதையாக்கியிருந்தாள்.

இம்போசிஷன் பூதம்

கதையை அவள் முன்னாடியே வாயால் சொல்லியிருந்தாள். சேலையைத் தூக்கிச் சொருகின ஒரு ஆயா. பேரு தண்டவாளக்கா. பள்ளிக்கூடத்துக்கு ஆபத்து வந்தால் தண்டவாளத்தில் ஒரு அடி போடுவாள். அவ்வளவுதான், சத்தம் ஓயும்வரை உலகமே அப்படியே நின்றுவிடும். அவள் ஒருத்தி மட்டும் அசையலாம். அதற்குள் கெட்டவனைக் கவிழ்த்துவிட்டு முந்தானையை உதறிக்கொண்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவாள்.

கெட்டவன் பேரு இம்போசிஷன் பூதம். வாயைத் திறந்தால் சாக்பீஸ் புகை வரும். தொப்புளுக்கு மேலே கண்ணாடி போட்டிருக்கும். பிள்ளைகளின் விளையாட்டு நேரத்தைப் பிடித்து முழுங்கும்.

முதல் சில பக்கங்கள் பக்கத்துக்கு ஒரே படம். எழுத்துக்கு வேலையே இல்லை. உலகம் நின்றுபோன படத்தில் காக்கா அந்தரத்தில் நிற்கிறது. கணக்கு வாத்தியார் பாதித் தும்மலில் நிற்கிறார், மூக்கு ஒரு பக்கம் போயிருக்கிறது. ஒரு பிள்ளை கடித்த வடைக்கும் பல்லுக்கும் நடுவே எச்சில் நூல் தெரிகிறது. தண்டவாளக்கா போகிற போக்கில் அந்த வடையில் ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டுக்கொள்கிறாள்.

சிரித்துவிட்டேன். அடுப்படியிலிருந்து நஸீமா குரல் கொடுத்தாள். "எந்தப் பக்கம்க்கா?"

"வடை!"

அங்கே இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

என் மூக்கை அப்படியே போட்டிருந்தாள். மூக்குத்தி இருக்கிற பக்கம்கூடத் தப்பவில்லை. எழுபது வயசுக்கு மேலே ஒருத்தி தன்னை இப்படிப் பறக்கிற கோலத்தில் பார்ப்பது லேசுப்பட்ட சந்தோஷமா? எனக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது.

அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அந்தப் பக்கத்தில் ஆறு கட்டம் இருந்தது.

காலண்டர் பாடம்

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்.

எனக்குப் பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு நின்றுபோனது. எங்கள் ஊர் உசிலம்பட்டிப் பக்கம். களை எடுப்பு, கடலை பிடுங்கு என்று வரிசையாக வேலை இருக்கும், பள்ளிக்கூடம் எங்கே போவது? கல்யாணமாகி மதுரைக்கு வந்த பிறகு மிச்சம் மீதி எழுத்தைக் கற்றுக்கொண்டது சுவரில் மாட்டின மாதக் காலண்டரில்தான்.

அந்தக் காலண்டரில் கிழமைகள் இடது ஓரத்தில் மேலிருந்து கீழே நிற்கும். தேதியும் அப்படித்தான். ஒன்று, அதன் கீழே இரண்டு, அதன் கீழே மூன்று. சனிக்கிழமை வரைக்கும் இறங்கினால் அடுத்த வரிசையின் உச்சிக்கு ஏற வேண்டும். பால் வராத நாள், அமாவாசை, பரீட்சை, லீவு எல்லாவற்றையும் நான் அந்த வழியில்தான் பார்த்துப் பழகினேன்.

அதனால் கட்டம் போட்ட எதைப் பார்த்தாலும் என் கண் கீழேதான் இறங்கும்.

நஸீமாவின் பக்கத்திலும் இறங்கியது.

மூன்று கட்டம்

மேல் கட்டத்தில் ஒரு சின்னப் பிள்ளை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய் முழுக்கத் திறந்து கத்துகிறது. உள்ளே சுவரில் உலகப் படம் தொங்குகிறது. எங்கள் பள்ளிக்கூடத்து மேப் ரூம்தான், சந்தேகமே இல்லை.

அதன் கீழே தண்டவாளக்கா முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுகிறாள்.

அதன் கீழே இரண்டு கை, ஒரு பெரிய பூட்டு. கேட்டைப் பூட்டுகிறாள். முகத்தில் நிம்மதியான சிரிப்பு.

புத்தகத்தை மூடிவிட்டேன்.

நஸீமா டீ டம்ளரோடு வந்தாள். "முடிச்சிட்டீகளா அக்கா?"

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"ஏன்க்கா? ஏதாச்சும் தப்பாப் போட்டுட்டேனா?"

"தப்பா ஒண்ணும் போடல. எல்லாத்தையும் சரியாத்தான் போட்டிருக்க. இம்புட்டு வருஷமா மனசுல வச்சிருந்து இன்னிக்கு ஊர் சிரிக்கப் போட்டிருக்க."

"என்னக்கா பேசுறீக? ரெண்டு வருஷமா இதுக்குத்தான் உக்காந்திருக்கேன். நீங்கதான்க்கா இதுல ஹீரோ."

"ஹீரோவா? பிள்ளையை உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போறவளா ஹீரோ?" எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. செல்வி கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள். "போனேன்தான். இல்லேங்கல. ஆனா திரும்பி வந்தேன்ல? கோரிப்பாளையத்துல பஸ்ஸை விட்டு எறங்கி ஓடியாந்தேன்ல? அதை ஏன் போடல?"

நஸீமா டம்ளரைத் தரையில் வைத்தாள்.

"எந்த பஸ்ஸுக்கா?" என்றாள். "எங்கருந்து திரும்பி வந்தீக?"

கோரிப்பாளையம் சிக்னல்

அன்று முழுப் பரீட்சை முடிந்து லீவு விட்ட நாள். எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். நஸீமா ஆறாவதோ ஏழாவதோ படித்தாள்.

பிள்ளைகள் போனதும் நான் ஒவ்வொரு அறையாகப் போய், "யாரும் இருக்கீகளா?" என்று கேட்டு, எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும். அதுவும் நான் வைத்த சட்டம்தான். அன்றைக்கு எட்டிப் பார்க்கவில்லை. ஊரில் என் அண்ணன் மகளுக்குச் சடங்கு. அத்தைக்காரி நான் சீரோடு முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டும். எனக்கு முன்னால் என் தங்கச்சி போய் நின்றுவிடக் கூடாது. அந்த வீறாப்பு.

மேப் ரூம் வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது. நீல வார், ஊக்குக் குத்தினது. பார்த்தேன். மறந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறது கழுதை என்று நினைத்துக்கொண்டே கதவைச் சாத்திப் பூட்டிவிட்டேன். பஸ் ஏறிவிட்டேன்.

கோரிப்பாளையத்தில் பஸ் நெரிசலில் மாட்டி நின்றது. ஜன்னல் வழியே பார்த்தால் ரோட்டுத் தார் உருகிப் பளபளவென்று கிடக்கிறது. ஒரு ஆள் செருப்பில்லாமல் ரோட்டைத் தாண்டினான். தாண்டினான் என்று எங்கே சொல்வது, குதித்தான்.

அப்போதுதான் உறைத்தது. இந்த வெயிலில் எந்தப் பிள்ளை செருப்பை மறந்துவிட்டு வீட்டுக்குப் போகும்?

"ஏய், ஏம்மா, சிக்னல்லயா எறங்குற?" என்று கண்டக்டர் கத்தினார். சீர்த் தட்டை எந்த சீட்டில் வைத்தேன் என்று இன்று வரை தெரியாது. இறங்கி ஓடினேன். பாதி வழியில் என் செருப்பு வார் அறுந்தது. அதையும் உதறிவிட்டு ஓடினேன். உள்ளங்கால் இரண்டும் கொப்புளம்.

இது வரைக்கும் சொல்லலாம். இதில் அவமானம் ஒன்றும் இல்லை. இதற்கு அடுத்தது இருக்கிறது.

கேட்டைத் திறந்து உள்ளே போனதும் நான் நேரே மேப் ரூமுக்குப் போகவில்லை. குழாயடிக்குப் போனேன். முகம் கழுவினேன். புழுதிக் காலைக் கழுவினேன். சேலையைச் சரி செய்தேன், மூச்சை ஆற்றினேன். ஓடி வந்தவள் மாதிரி தெரியக் கூடாது. கேட்டை விட்டு அசையாதவள் பேச்சியம்மாள் என்று எனக்கு ஒரு பேர் இருந்ததே, அது போய்விடக் கூடாது.

செல்வி எழுதுவதை நிறுத்திவிட்டாள். "அத்தை, இது வேணுமா?" என்கிறாள். வேணும். எழுது.

குழாயடியில் நான் நின்றபோது அந்தப் பிள்ளை கத்திக்கொண்டிருந்தது. எனக்குக் கேட்டது.

கதவைத் திறந்தேன். உலக உருண்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தொண்டை கட்டிப்போயிருந்தது. "நான் வாசல்லதான் இருந்தேன். ஒரு சத்தம் குடுக்கக் கூடாதாத்தா?" என்றேன்.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று, பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டு, கேட்டை விட்டு அசையாமல் இருந்து பிள்ளையைக் காப்பாற்றினேன் என்று எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் பாராட்டினார். எவர்சில்வர் தூக்கு ஒன்று கொடுத்தார்கள், என் பேர் வெட்டினது. அதில் நான் ஒரு நாளும் குழம்பு ஊற்றியதில்லை. பரணில் கிடக்கிறது.

முறம் போல ஒரு காது

குழாயடிக் கதையை, புத்தகம் கொண்டுவந்த அன்று நஸீமாவிடம் நான் சொல்லவில்லை. பஸ்ஸைச் சொன்னேன், ஓடினதைச் சொன்னேன். அவள் தரையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க அத்தா அன்னிக்கு ஏன் கத்தலைன்னு கேட்டாரு" என்றாள். "'தொண்டை போற மாதிரி கத்தினேன் அத்தா'ன்னு சொன்னேன். 'ஆயாம்மா வாசல்லயே இருந்துச்சாமே, அதுக்குக் கேக்காமப் போகுமா, பொய் பேசுறியா'ன்னாரு. எனக்கும் அப்பறம் சந்தேகம் வந்திருச்சுக்கா. கத்தினேனா, கத்துன மாதிரி நெனச்சுக்கிட்டேனான்னு. பெறகு வகுப்புல எந்திரிச்சுப் பேசுறதே இல்ல. நம்ம சத்தம் யாருக்கும் கேக்காது, எதுக்கு வம்பு? படத்தைப் போட்டுட்டுப் போவோம்னு இருந்துட்டேன்."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"கத்தினேன்தானே அக்கா?"

"கத்தின தாயி. எனக்குக் கேட்டுச்சு."

டீ ஆறி ஆடை படிந்துவிட்டது.

நஸீமா புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தாள். "இதை எப்படிப் பாத்தீக?"

நான் விரலை வைத்துக் காட்டினேன். மேலே, கீழே, அதற்கும் கீழே.

அவள் என் விரலைப் பிடித்தாள். குறுக்கே இழுத்துக்கொண்டு போனாள். "இப்படிக்கா."

கத்துகிற பிள்ளைக்குப் பக்கத்துக் கட்டத்தில் தண்டவாளக்காவின் காது. முறம் அகலத்துக்கு விரிந்து, ஆனைக் காது மாதிரி ஆடிக்கொண்டிருக்கிறது. வைகைக்கு அந்தப் பக்கம் இருந்தே அவளுக்குக் கேட்டுவிடுகிறது. அதன் பிறகுதான் ஓடுகிறாள். பிள்ளையை நோக்கித்தான் ஓடுகிறாள். பக்கத்துக் கட்டத்தில் மேப் ரூம் பூட்டைப் பிடுங்கி எறிகிறாள். பிள்ளையை மீட்ட பிறகுதான் கேட்டைப் பூட்டுகிறாள். கடைசிக் கட்டத்தில் அந்தப் பிள்ளை அவள் இடுப்பில் உட்கார்ந்து முறுக்குத் தின்கிறது.

பஸ் இல்லை. விட்டுப் போனது இல்லை. அவளுக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை. நானே என் வாயால் சொன்னதுதான்.

"அந்தக் காதை எதுக்கு இம்புட்டுப் பெருசாப் போட்ட?"

"சின்னப் பிள்ளைக சிரிக்கட்டும்னு போட்டேன்" என்றாள். பிறகு, "அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள்.

புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். கையெழுத்துத் தாளைக் கேட்கவில்லை. போய் வாரேன் என்று சொல்கிறவள், அன்று சொல்லவில்லை. மேலூர் ரோட்டில் பஸ் வருகிற சத்தம் கேட்டதும் நடையை எட்டிப் போட்டாள். நான் வாசலில் நின்று அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றின் கீழ் ஒன்று

ஒரு மாதத்துக்கு மேல் ஆளைக் காணோம். போனும் இல்லை. செல்வி, "நீங்க ஒரு வார்த்தை பேசுங்களேன் அத்தை" என்றாள். என்ன பேசுவது? மன்னிப்புக் கேட்டுப் பழகாத வாய்.

ஒரு நாள் பரணில் கிடந்த தூக்கை இறக்கச் சொன்னேன். புளி போட்டுத் தேய்த்து, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்து, செல்வியிடம் கொடுத்து அனுப்பினேன். சொல்லி அனுப்பினது ஒரே ஒரு சேதி. "குழாயடியில நின்னு மொகம் கழுவினேன். நீ கத்தக் கத்தக் கழுவினேன். அதையும் சேத்துத்தான் சொல்லணும், அன்னிக்குச் சொல்லல."

செல்வி தூக்கு இல்லாமல் திரும்பி வந்தாள். "வாங்கிக்கிட்டாக. ஒண்ணும் சொல்லல அத்தை."

அடுத்த வாரம் நஸீமாவே வந்தாள். கையில் தூக்கு. உள்ளே பிரியாணி. வெறும் பாத்திரம் திருப்பித் தரக் கூடாதே.

"ஒரு சந்தேகம்க்கா" என்று வந்ததும் வராததுமாக ஆரம்பித்தாள். நடுவில் எதுவும் நடக்காத மாதிரி. "தண்டவாளக்கா பஸ்ல போறப்போ ஞாபகம் வருது. உலகத்தை நிறுத்திட்டு வரலாம்ல? எதுக்கு ஓடி வரணும்?"

"ஏ கூறுகெட்டவளே, பஸ்ஸுக்குள்ள ஏது தண்டவாளம்? அங்க அவ சக்தி செல்லாது. ஓடத்தான் வேணும்."

"அதைத்தான் நானும் போட்டிருக்கேன்."

ஒரு புதுப் பக்கத்தை எடுத்து நீட்டினாள். வாங்கும்போதே தெரிந்துவிட்டது. மற்ற பக்கங்களைப் போல இல்லை. கட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் இல்லை. ஒன்றின் கீழ் ஒன்றாக, அகல அகலமாக, ஒரே வரிசையில் இறங்கின. காலண்டரில் ஞாயிறு முதல் சனி வரை இறங்குகிற மாதிரி.

நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விரலை வைத்து இறங்கினேன். நெரிசலில் பஸ். பஸ்ஸுக்குள் சீர்த் தட்டோடு தண்டவாளக்கா. காது சாதாரணக் காதாக இருந்தது. அதன் கீழே, தலைக்கு மேல் ஒரு குமிழியில் நீலச் செருப்பு. அதன் கீழே, வாயைப் பிளந்த கண்டக்டர், காற்றில் பறக்கிற பூந்தி லட்டுகள். அதன் கீழே, தார் ரோட்டில் வெறுங்காலோடு தவளை மாதிரித் தாவுகிறாள். அதன் கீழே, குழாயடி. முகம் கழுவப் போகிறவளை அந்தக் குழாயே திரும்பிப் பார்த்து, 'மொதல்ல கதவைத் தெற' என்று அதட்டுகிறது. எழுத்துக்கூட்டி வாசித்தேன். சிரிப்பும் வந்தது, கண்ணும் கரித்தது.

கடைசிக் கட்டம் நடக்காதது. அது அவளாகப் போட்டுக்கொண்டது.

மேப் ரூம் கதவு திறந்து கிடக்கிறது. பிள்ளை தண்டவாளக்காவின் இடுப்பில் இருக்கிறாள், வெறுங்காலோடு. வெந்துபோன பெரிய பாதங்கள் இரண்டும் அந்த நீலச் செருப்புக்குள் நுழைந்திருக்கின்றன. குதிகால் நாலு விரற்கடை வெளியே தொங்குகிறது. ஊக்கு வளைந்து, தெறித்துவிடும் போல இருக்கிறது. ஆனால் தெறிக்கவில்லை.

"செல்வி, பேனாவை எடுத்துத் தா" என்றேன்.